0.4 விழுக்காடும் லயத்து வீடும்

'வறுமை ஒழிப்பு' என்று தலைப்புக் கொடுத்தால் நம்ம மாணவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். ஐ.நா. 2015இல் 17 இலக்குகளை அறிவித்தது, முதல் இலக்கு வறுமை ஒழிப்பு, மலேசியா அதில் வெற்றி கண்டது. கட்டுரை முடிந்தது!

அந்த 'வெற்றி'யைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். 2016இல் மலேசியாவின் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு. அப்போது ஒரு குடும்பத்துக்கான வறுமைக்கோடு மாதம் 980 ரிங்கிட். நாலு பேர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு வெள்ளிதான் வரும். 2019இல் இங்கு வந்த ஐ.நா. சிறப்பு ஆய்வாளர் பிலிப் அல்ஸ்டன் இந்தக் கணக்கை வெளிப்படையாகவே குறை சொன்னார். 2020இல் அரசாங்கம் கோட்டை 2,208 ரிங்கிட்டுக்கு உயர்த்தியது. 2019ஆம் ஆண்டுக்கான விகிதம் 5.6 விழுக்காடானது. ஏழைகளை அளக்கும் கோல் மாறியதும் எண்ணிக்கையும் மாறிவிட்டது, பாருங்க.

புதிய கோடும் தோட்டத்து வறுமையை முழுசாகப் பிடிப்பதில்லை என்பது என் கருத்து. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டியவை. வேலை போனால் லயத்து வீடும் போய்விடும். பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக 20 ஆண்டுகளுக்கு மேல் போராடின. இப்படிப்பட்ட குடும்பத்தில் பிள்ளைகள் வெளியே வேலைக்குப் போய் மாதம் 2,500 ரிங்கிட் கொண்டுவந்திருந்தால், 2020இல் அறிவித்த அந்த 2,208 ரிங்கிட் கோட்டின்படி அது ஏழைக் குடும்பமாகக் கணக்கில் வந்திருக்காது. தலைக்கு மேல் இருக்கும் கூரை யாருடையது என்று அந்தக் கணக்கு கேட்பதே இல்லை.

இலக்குப் பத்திரம் அதைக் கேட்கிறது. 1.4ஆம் குறிக்கோள் நிலத்தின்மீதான உரிமையைப் பேசுகிறது. நம் மாதிரிக் கட்டுரைகள் எதிலாவது அதைப் பார்த்திருக்கிறீர்களா? பத்திரத்திலும் ஓட்டை உண்டு. வறுமையைப் பாதியாகக் குறைக்கச் சொல்லும் 1.2, வறுமை எது என்று வரையறுக்கும் வேலையை அந்தந்த நாட்டிடமே விடுகிறது. தேர்வு எழுதுபவரே தேர்ச்சி மதிப்பெண்ணையும் வைத்துக்கொள்கிற கதைதான்.

மாணவர்களே, விழுக்காட்டை எழுதினால் பக்கத்தில் ஆண்டையும் வறுமைக்கோட்டையும் சேர்த்து எழுதுங்கள். ஆசிரியர்கள் இந்தத் தலைப்பைக் கொடுப்பதற்கு முதல் நாள், தாத்தா பாட்டி எந்தத் தோட்டம், அந்த வீடு இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லலாம். கருத்து விளக்கப் பத்திக்கு வேறு உதாரணம் தேட வேண்டியிருக்காது.