படவில்லையும் பாடஞ்சொல்லலும்

‘படம் காட்டுதல்’ என்னும் தொடருக்குப் பேச்சுவழக்கில் இரண்டு பொருள் உண்டு. திரையில் படத்தை ஓட்டிக் காட்டுவது ஒன்று. உள்ளே சரக்கில்லாதவன் வெளியே பகட்டிக் காட்டுவது மற்றொன்று. ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களிலும் இலக்கிய அரங்குகளிலும் இன்று பெருகியுள்ள படவில்லைச் சொற்பொழிவுகளை நோக்குங்கால், இவ்விரு பொருளும் ஒன்றாகிவிட்டனவோ என்னும் ஐயம் எழுகின்றது. கருவியைப் பழிப்பதால் பயனில்லை. பாடஞ்சொல்லும் முறைக்கென்றே இலக்கணம் வகுத்த மொழி தமிழ். அந்த உரைகல்லில் இப்புதிய பழக்கத்தை உரைத்துப் பார்க்கலாம்.

பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் எண்ணிக் காட்டுகின்றது. ஆசிரியன் பாடஞ்சொல்லும் முறையையும் மாணாக்கன் பாடங்கேட்கும் முறையையும் வேறாக வைத்துக் கூறுகின்றது. எழுதப்படுவதற்கு ஓர் இலக்கணம், சொல்லப்படுவதற்கு ஓர் இலக்கணம் என்பது அவர் கண்ட பாகுபாடு. படவில்லையின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. அஃது எழுத்து, ஆயினும் தனியே இருந்து படிக்கப்படுவதன்று. பேச்சுக்குத் துணை, ஆயினும் பேசுவோர் வாய் திறக்கும் முன்பே அவையோர் கண்ணுக்குத் தெரிந்துவிடுகின்றது. ஆகவே அதனை நூலாகக் கருதிப் பக்கம் பக்கமாக நிரப்புவோரும் தவறுகின்றனர். தம் நினைவுக்கு உதவும் குறிப்பேடாகக் கருதுவோரும் தவறுகின்றனர்.

ஒளியின் துணைகொண்டு உருவங்காட்டிப் பேசுவது புதுமையன்று. தோற்பாவைக் கூத்தன் திரையில் எந்தப் பாவை நிற்கின்றதோ அதன் குரலையே அவையைக் கேட்கச் செய்தான். மலாய் மக்களின் வாயாங் கூலிட் அரங்கில் டாலாங் செய்வதும் அதுவே. மேலைநாட்டில் 17-ஆம் நூற்றாண்டில் தோன்றிய மாயவிளக்கு, கண்ணாடியில் தீட்டிய படத்தைச் சுவரில் வீழ்த்தியது. கண்ணாடி வில்லை ஒவ்வொன்றும் கைவேலை. கீழே விழுந்தால் போயிற்று. ஆதலால் எண்ணியே எடுத்துச் சென்றனர். ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் முதலியோர் உருவாக்கிய பவர்பாயிண்ட் 1987-இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே மைக்ரோசாப்ட் அதனை விலைக்கு வாங்கியது. அதன்பின் வில்லைக்கு விலையே இல்லாமற் போயிற்று. விலையற்ற பொருளை எவரும் எண்ணிச் செலவிடுவதில்லை. ஒரு மணி நேரப் பேச்சுக்கு அறுபது வில்லை கொண்டுவரும் பழக்கத்திற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

மலேசியாவில் 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தபோது, மடிக்கணினியும் எல்சிடி படவீழ்த்தியும் குறுந்தட்டுப் பாடங்களும் உடன் வந்தன. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டது. கருவி மட்டும் பள்ளிகளில் தங்கிவிட்டது. ரெங்கம் போன்று இருப்புப்பாதையை ஒட்டித் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் இதன் விளைவு சில வேளை நகைப்புக்கு இடமாகின்றது. வேலிக்கு அப்பால் செம்பனை குலை தள்ளி நிற்க, வகுப்பறையின் திரைச்சீலையை இழுத்து இருட்டாக்கி, எங்கோ எடுத்த செம்பனைப் படத்தைக் காட்டுவோரும் உளர். ஒரு பழத்தைக் கொணர்ந்து கத்தியால் பிளந்து, சதையிலிருந்து ஓர் எண்ணெய், கொட்டையின் பருப்பிலிருந்து வேறோர் எண்ணெய் என்று கையில் கொடுத்தால், பிசுக்கோடு பாடமும் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் ஆலையின் கொதிகலத்தையும் அழுத்து பொறியையும் காட்டவோ படம் வேண்டும். அங்கே பிள்ளைகளை அழைத்துச் செல்ல எளிதில் இயலாது. கையில் கிடைப்பதற்குப் படம் எதற்கு என்னும் வினாவை முதலில் கேட்டுக்கொண்டால் பாதி வில்லை உதிர்ந்துவிடும்.

பத்துக் குற்றங்களுள் ஒன்று கூறியது கூறல். திரையில் எழுதியிருப்பதையே திரையைப் பார்த்து, அவைக்கு முதுகைக் காட்டி, ஒரு சொல் விடாமல் படிப்பது இதன் இற்றை நாள் வடிவம் எனலாம். கேட்போர் படித்து முடித்த வரியைப் பேசுவோர் இன்னும் படித்துக்கொண்டிருப்பார். கலிபோர்னிய உளவியலறிஞர் ரிச்சர்ட் மேயர் செய்த சோதனைகளும் இதனையே காட்டுகின்றன. படமும் குரல் விளக்கமும் சேர்ந்து கற்பித்ததைவிட, அதே விளக்கத்தை எழுத்தாகவும் திரையில் இட்டபோது கற்றல் குறைந்தது. கண் ஒரே வேளையில் படத்தையும் பார்த்து எழுத்தையும் படிக்க நேர்வதே காரணம். ஆயினும் இதனை எல்லா அவைக்கும் ஒரே விதியாக்கிவிடலாகாது. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு எழுத்தைக் காட்டி அவ்வொலியைச் சொல்வதே பாடம். கூறியதைக் கூறினும் அது வேறொரு பயன் விளைக்குமாயின் குற்றமாகாது என்று நம் உரையாசிரியர்கள் அமைதி கூறியதும் இதுபற்றியே போலும். மேயரின் முடிவை வேதவாக்காக ஓதும் பயிற்சியாளர் சிலர் இவ்வமைதியை மறந்துவிடுகின்றனர்.

மயங்க வைத்தல் என்னும் குற்றம் உயிரோடு தொடர்புடையதாகவும் ஆகலாம். 2003-ஆம் ஆண்டு ஜனவரி 16-இல் புறப்பட்ட கொலம்பியா விண்ணோடத்தின் இடச்சிறகில், கிளம்பிய சிறிது நேரத்தில் நுரைக்கட்டி ஒன்று பெயர்ந்து மோதியது. ஓடம் வானில் இருக்கும்போதே பொறியாளர்கள் அதனை ஆராய்ந்து மேலாளர்களுக்குப் படவில்லைகளில் விளக்கினர். அவற்றுள் ஒரு வில்லை பின்னர் உலகறிந்ததாயிற்று. அதன் தலைப்பு, அச்சத்திற்கு இடமில்லை என்ற எண்ணத்தைத் தந்தது. கீழே படிப்படியாகச் சிறுத்துச் செல்லும் குறிப்புகளின் அடியில்தான் உண்மை கிடந்தது: சோதனையில் பயன்பட்ட நுரைத்துண்டு 3 கன அங்குலம், மோதியதாக மதிப்பிட்டதோ 1920 கன அங்குலம், அதாவது 640 மடங்கு. ஆங்கிலத்தில் ‘குறிப்பிடத்தக்க’ என்று பொருள்படும் ஒரே சொல் அவ்வில்லையில் ஐந்து முறை வந்தது. எவ்வளவு என்பது ஒருமுறையும் விளங்கவில்லை. பிப்ரவரி 1-ஆம் நாள் ஓடம் திரும்புகையில் சிதைந்தது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மாண்டனர். வில்லையே விபத்துக்குக் காரணம் என்று எவரும் கூறார். ஆயினும் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அவ்வில்லையை எடுத்துக்காட்டி, அதனைப் படித்த மேலாளர் உயிருக்கே ஆபத்து என்பதை உணராமற் போயிருக்கக்கூடும் என்று குறித்தது.

இதனை முதலில் நுணுகி ஆய்ந்த எட்வர்ட் டஃப்டி, வில்லையை விட்டு முழு வாக்கியங்களில் எழுதிய தாளைக் கொடுங்கள் என்றார். பொறியாளர் அவைக்கு அது தக்க மருந்து. எட்டு வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பிற்கு அஃது ஒவ்வாது. கொள்வோனின் கொள்ளும் திறன் அறிந்து அவன் உளங்கொள்ளச் சொல்லுக என்னும் பவணந்தியாரின் நெறி, டஃப்டியின் தீர்ப்பினும் விரிந்தது.

தமிழ் எழுத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒரு வில்லைக்கு ஆறு வரி, ஒரு வரிக்கு ஆறு சொல் என்று ஆங்கிலப் பயிற்சியில் கேட்டதை அப்படியே கொண்டுவருவோர், தமிழ்ச் சொல் ஒட்டுகள் சேர்ந்து நீள்வதை நினைப்பதில்லை. ஆறு தமிழ்ச் சொல்லை ஒரு வரியில் அடக்க எழுத்தைச் சுருக்குவர். சுருங்கியதும் முதலில் மறைவது புள்ளி. பின்வரிசையில் இருப்பவருக்கு மெய்யெழுத்து உயிர்மெய்யாகத் தெரியும். ணகர னகர வேறுபாடும் மங்கும். இலக்கணப் பாடத்தையே இவ்வாறு காட்டினால் என் செய்வது? பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை வேறொரு கணினியில் திறந்தபோது தமிழெல்லாம் பொருளற்ற குறிகளாகி, பேசுவோர் திகைத்து நின்ற காலமும் இருந்தது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களும் யுனிகோடும் அத்துன்பத்தைப் பெரிதும் நீக்கின. எழுத்தைப் பெரிதாக்குவதோ எந்த மென்பொருளுக்கும் காத்திராத வேலை.

எல்லாவற்றினும் பெரிய குறை நேரத்தைப் பற்றியது. ஆசிரியன் சொன்னதை நன்கு வாங்கிக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கால்பங்கே வரும். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கு. தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு என்று நன்னூல் கணக்கிடுகின்றது. பயிற்சிக் கூட்டங்களில் கடைசி வில்லை மறையும்போது கடிகாரமும் முடிந்திருக்கும். “ஐயமிருந்தால் கேளுங்கள்” என்று எழுதிய வில்லையின் முன்னே தேநீருக்கு எழுந்துவிடுவர். முக்கால் பங்கு அங்கேயே விடப்படுகின்றது. பவர்பாயிண்ட்டில் படம் ஓடும்போது விசைப்பலகையில் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தினால் திரை கறுக்கும். மறுபடி அழுத்தினால் படம் திரும்பும். அதனை அறிந்தோர் சிலரே; பயன்படுத்துவோர் அதனினும் சிலர். பன்னிரண்டாம் வில்லையில் திரையை அவ்வாறு கறுக்கச் செய்து, அவையிலுள்ள ஆசிரியர் ஒருவரை எழுப்பி, அதுவரை கேட்டதைத் தம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொல்லச் செய்தால், எஞ்சிய வில்லைகளுள் எவை வேண்டும், எவை வேண்டா என்பது பேசுவோர்க்கே அங்குத் தெரிந்துவிடும்.