நியாயமும் பந்தியும்: யாழ்ப்பாணத்துக் கிறித்தவ சமயவாத உரைநடை பற்றிய ஒரு மதிப்பீடு

கிறித்தவத்தை வாழ்ந்து காட்டுதலும் அதனை நியாயத்தினால் நிலைநாட்டுதலும் இருவேறு கருமங்களல்ல என்பது அம்மதத்தின் மூலநூலிலேயே காணப்படும் கருத்தாகும். பேதுருவின் முதலாம் நிருபம், தமது நம்பிக்கைக்குக் காரணங் கேட்போர்க்கு விடையிறுக்க விசுவாசிகள் ஆயத்தமாயிருத்தல் வேண்டுமெனக் கூறுமிடத்திலேயே, அவ்விடை சாந்தத்தோடும் நல்லொழுக்கத்தோடும் இணைந்து வருதல் வேண்டும் என்ற நிபந்தனையையும் விதிக்கின்றது. விடையின் பெறுமதி விடையிறுப்போனின் நடத்தையினாலும் அளக்கப்படும் என்பதே இதன் பொருள். இவ்வளவுகோலைக் கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் தோன்றிய கிறித்தவ சமயவாத உரைநடையை மதிப்பிட முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்துறையில் இதுவரை வெளிவந்த எழுத்துக்கள் பெரும்பாலும் இரு திசைகளில் அமைந்துள்ளன. ஒரு சாரார் கிறித்தவரின் தமிழ்த்தொண்டு என்னுந் தலைப்பின் கீழ் நூல்களையும் அச்சகங்களையும் அகராதிகளையும் நிரற்படுத்தி, உரைநடையின் வளர்ச்சியைப் போற்றுவதோடு அமைந்து விடுகின்றனர். மற்றொரு சாரார், முற்போக்காளர் சிலரும் இவருள் அடங்குவர், அனைத்தையும் குடியேற்ற ஆட்சியின் கருவியெனக் கூறி ஒதுக்கி விடுகின்றனர். முன்னையோர் வாதத்தின் உள்ளடக்கத்தைக் காண்பதில்லை. பின்னையோர் அவ்வாதம் தன்னை அறியாமலே தோற்றுவித்த முரண்பாட்டைக் காண்பதில்லை. நமது நோக்கில், அம்முரண்பாடே ஆராயத்தக்கது.

அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்திற் பணியைத் தொடங்கியது. 1823இல் வட்டுக்கோட்டையில் அது நிறுவிய செமினரி, சமய போதகரை உருவாக்கும் நோக்குடையதாயினும், கணிதம், வானியல், தருக்கம் ஆகிய துறைகளையும் கற்பித்தது. கிறித்தவத்தின் உண்மைக்கான சான்றுகளும் அங்குப் பாடமாயின. விஞ்ஞானம் இங்கு மதத்தின் எதிரியாக அன்றி அதன் சாட்சியாக அழைக்கப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. 1829ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிகழ்ந்த சந்திர கிரகணம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். பஞ்சாங்க கணிதரான விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்புக்கும் செமினரியின் அதிபர் டானியல் பூவரின் கணிப்புக்கும் வேறுபாடு காணப்பட்டது. மாணவரும் ஊரவரும் வானத்தை நோக்கித் தாமே தீர்ப்புச் சொல்லுமாறு அழைக்கப்பட்டனர். மிஷனரிமாரின் பதிவுகள் வெற்றி தம்முடையதென்றே கூறுகின்றன. எவர் கணிப்புச் சரி என்பதைக் காட்டிலும், உண்மையைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஓலைச்சுவடியினின்றும் கண்ணுக்கும் கடிகாரத்துக்கும் மாறியமையே நமக்கு முக்கியமானது. கிரகணத்தைக் கணித்தவரின் வேதமும் உண்மையானது என்ற முடிவு தருக்க முறைப்படி அதனின்று பெறப்படாது. ஆயினும் மிஷனரிமார் அம்முடிவையே நாடினர்.

இச்சூழலிலேயே தமிழில் வாதஞ் செய்யும் உரைநடை செழித்தது. 1841இல் தொடங்கிய உதயதாரகை அதற்குப் பொதுக்களமொன்றை அமைத்துக் கொடுத்தது. செமினரியின் மாணவரான கறல் விசுவநாதபிள்ளையின் எழுத்து முயற்சிகள் இவ்வகையில் விதந்து கூறத்தக்கவை. அவர் 1855இல் வீசகணிதம் என்ற நூலை வெளியிட்டார். 1857இல் கிறித்தவத்தின் பக்கம் நின்று சுப்பிரதீபம் என்ற கண்டன நூலை எழுதினார். அறியப்பட்ட கணியங்களினின்று அறியப்படாததைப் பெறும் முறையைத் தமிழில் விளக்கப் பழகிய கையே சமய வாதத்தையும் எழுதியது என்பது தற்செயலானதன்று. கூற்று, காரணம், முடிபு என்ற ஒழுங்கில் வாக்கியங்களை நிரைப்படுத்தி, வாசகனை நடுவனாக இருத்தும் இம்முறை, பின்னர் தமிழ்ப் பத்திரிகைக் கட்டுரைக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் அடித்தளமாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான விசுவநாதபிள்ளை பின்னாளிற் சைவத்துக்கு மீண்டார். மற்றவரான சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவ்வாறே மீண்டார். நியாயம் தன்னை வளர்த்தவர்களின் ஏவலாளாக நிலைத்து நிற்பதில்லை என்பதற்கு இவ்விருவரின் வரலாறும் சான்றாகும்.

ஆறுமுக நாவலரின் மறுமொழி இதனை மேலும் தெளிவாக்குகின்றது. மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த பேர்சிவலுடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த நாவலர், அந்நூலை அதன் எதிரிகளினும் ஆழமாக அறிந்திருந்தார். 1854இல் வெளிவந்த சைவ தூஷண பரிகாரத்தில், சைவக் கிரியைகளை மூடத்தனமென இகழ்ந்த மிஷனரிமாருக்கு அவர் அவர்களின் வேதத்தையே எடுத்துக் காட்டினார். ஆலயம், தூபம், தீபம், பலி, சுத்தி ஆகியவை எபிரேயரின் வழிபாட்டிலும் விதிக்கப்பட்டிருக்கையில், சைவரிடத்தில் மாத்திரம் அவை எவ்வாறு குற்றமாகும் என்பதே அவரது வினாவின் சாரம். பிறர் மதத்தை இயற்கையறிவு கொண்டு அளந்து, தம் மதத்தை வெளிப்பாடு கொண்டு காத்தனர் மிஷனரிமார். அளவுகோல் ஒன்றேயாயிருத்தல் வேண்டும் என்ற தருக்க நியதியை நிலைநாட்டியதில் நாவலரின் சாதனை தங்கியுள்ளது. சமய வரலாற்றில் இது சைவத்தின் வெற்றியாகக் கொள்ளப்படுகின்றது. உரைநடை வரலாற்றில் இது நியாயத்தின் வெற்றியாகும்.

ஆயின் இந்நியாயம் எங்கே நின்றது? இவ்வினாவே சமயவாத உரைநடை பற்றிய மதிப்பீட்டின் மையமாக அமைதல் வேண்டும். கிறித்தவர் தம் மதத்துக்குக் கூறிய உயர்வுகளுள், மனிதர் யாவரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்ற கோட்பாடு தலையாயது. அக்கோட்பாட்டின் புலப்படு வடிவம் இராப்போசனம், அதாவது அப்பத்தையும் இரசத்தையும் ஒருங்கிருந்து பகிர்தல் ஆகும். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் விடுதிப் பாடசாலைகளின் தொடக்க ஆண்டுகளிலோ, கிறித்தவரின் வளவில் உண்ணுதல் சாதியாசாரத்துக்கு இழுக்கு எனப் பிள்ளைகளும் பெற்றோரும் மறுத்தமையால், அருகிலிருந்த சைவரின் காணியிற் குசினி அமைக்க நேர்ந்தது. கிரகணத்தைப் பற்றி ஊர் முழுவதையும் வாதுக்கு அழைத்தோர் குசினியைப் பற்றி உடன்பாட்டுக்கு வந்தனர். காலப்போக்கில் அவ்வேற்பாடு தளர்ந்ததாயினும், செமினரியின் மாணவரும் அதன்வழி உருவான கிறித்தவ உயர்குழாத்தினரும் பெரும்பாலும் வேளாளராகவே இருந்தனர்.

இதனைத் தனிமனிதரின் கபடமாகக் கொள்வது மேலோட்டமான விமரிசனமாகும். சாதியைத் துறத்தல் திருச்சபையில் சேர்வதற்குரிய நிபந்தனையென மிஷனரிமார் வற்புறுத்திய சந்தர்ப்பங்களும் உள. காரணத்தைச் சமூகத்தின் பொருளாதார அடித்தளத்திலே தேடுதல் வேண்டும். நிலம் வேளாளரின் கையிலிருந்தது. பாடசாலைக்குரிய பிள்ளைகளும் உள்ளூர் ஆதரவும் அவர்களிடமிருந்தே பெறப்பட வேண்டியிருந்தன. அவர்கள் செமினரியை நாடியது ஞானஸ்நானத்துக்காக மாத்திரமன்று; ஆங்கிலக் கல்வி திறந்து விட்ட அரசாங்க உத்தியோகத்துக்காகவுமாகும். 1855இல் செமினரி மூடப்பட்டபோது, அது போதகரைக் காட்டிலும் உத்தியோகத்தரையே உருவாக்குகின்றது என்ற மனக்குறை மிஷனின் தலைமைப்பீடத்தில் வலுப்பெற்றிருந்தது. நிலவுடைமை உறவுகளைத் தொடாமல் உள்ளங்களை மாற்ற முனைந்த முயற்சி, அவ்வுறவுகளினாலேயே மாற்றப்பட்டது எனலாம்.

இவ்விடயத்தில் வாதத்தின் இரு தரப்பினரும் ஒரே நிலத்தில் நின்றனர் என்பதும் குறிப்பிடத்தக்கது. நாவலர் சாதியாசாரத்தைச் சைவ ஒழுக்கத்தின் பகுதியாகவே ஏற்றவர். எனவே, மிஷனரிமாரின் வேதத்திலுள்ள பலியையும் தூபத்தையும் எடுத்துக்காட்டிய அவரது கூர்மையான நியாயம், அவ்வேதத்திலுள்ள சமத்துவத்தை எடுத்துக்காட்டி, அதன்படி ஏன் நடப்பதில்லை என்று அவர்களைக் கேட்கவில்லை. கேட்டிருப்பின், அவ்வினா தன் தரப்பையும் நோக்கித் திரும்பியிருக்கும். பெருங்கண்டனங்களின் காலம், தன் சமூகத்தின் ஆதாரமான வினாவைப் பொறுத்தவரை, பெருமௌனத்தின் காலமாகவும் இருந்தது.

எனினும், நம்பிக்கையை வாழ்தல் என்பது முற்றிலும் பொய்த்தது என்று கூறுவதும் வரலாற்றுக்கு முரணாகும். உதயதாரகையின் ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை இறுதிவரை கிறித்தவராக வாழ்ந்தவர். அவர் 1886இல் வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகம் சமய வேறுபாடு பாராட்டாது தமிழ்ப் புலவரின் வரலாற்றைத் தொகுக்கின்றது. கண்டனத்தின் மூலம் நிலைநாட்டப்படாத ஒரு பண்பை அது ஒழுக்கத்தின் மூலம் நிலைநாட்டுகின்றது. செமினரியின் மரபில் 1872இல் வட்டுக்கோட்டையில் எழுந்த யாழ்ப்பாணக் கல்லூரியைச் சேர்ந்த ஹண்டி பேரின்பநாயகம், 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரசின் முன்னோடியாக விளங்கினார். பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அவ்வியக்கம் தீண்டாமையை எதிர்த்துச் சமபோசனத்தை முன்வைத்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் குசினியில் நிறுத்தப்பட்ட வாதம், அதே ஊரின் கல்வி மரபிலிருந்து மீண்டும் பந்திக்கு வந்தது. அது அங்கு மதவாதமாக அன்றி அரசியல் வாதமாக வந்தமை கவனிக்கற்பாலது.

அவ்வினாவை இலக்கியத்தில் முழுமையாக எழுப்பும் பொறுப்பு, பந்திக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் மத்தியிலிருந்து வந்த எழுத்தாளரையே சார்ந்தது. பஞ்சமர் நாவலின் (1972) ஆசிரியரான கே. டானியல், கானல் என்ற தமது நாவலில், ஒடுக்கப்பட்ட சாதியினர் விடுதலை வேண்டிக் கிறித்தவத்தைத் தழுவுவதையும், சாதி அங்கும் அவர்களைப் பின்தொடர்வதையும் பொருளாகக் கொள்கின்றார். இந்நாவலை மதமாற்றத்துக்கு எதிரான பிரசாரமாக வாசிப்போர் அதன் உள்ளோட்டத்தைத் தவற விடுகின்றனர். கானல் பொய்யாகலாம், அதனை நோக்கி ஓடியவரின் தாகம் பொய்யன்று. மதம் மனிதத் துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்துக்கு எதிரான மறுப்பாகவும் ஒருங்கே அமைகின்றது என 1844இல் மார்க்ஸ் கண்ட உண்மையை, டானியலின் கதை யாழ்ப்பாணத்து மண்ணில் வைத்துக் காட்டுகின்றது. கோட்பாட்டை அதன் வாக்குறுதியைக் கொண்டே விசாரிக்கும் இக்கதைமுறை, சுப்பிரதீபமும் சைவ தூஷண பரிகாரமும் செய்யத் தவறிய நியாயவாதமாகும். கலைநயத்தில் டானியலின் நாவல்களுக்குக் குறை கூறுவோர் உளர். ஆயினும், தருக்கத்தின் நேர்மையில் அவை சமயவாத நூல்களைக் காட்டிலும் ஒருபடி முன்னே நிற்கின்றன என்பதை அவர்கள் கருத்திற் கொள்வதில்லை.

கிறித்தவச் சிந்தனைக்குள்ளும் இவ்வினா எழாமலில்லை. இலங்கைக் கத்தோலிக்கக் குருவான திஸ்ஸ பாலசூரிய 1977இல் நற்கருணையும் மனித விடுதலையும் பற்றி எழுதிய நூல், ஒரே அப்பத்தைப் பகிர்வோர் நிலத்தையும் உழைப்பின் பயனையும் ஏன் பகிர்வதில்லை என்ற பிரச்சினையை நேர்முகமாக எதிர்கொண்டது. மரியாள் பற்றிய மற்றொரு நூலின் பொருட்டு அவர் 1997இல் திருச்சபை விலக்குக்கு உள்ளாகி, 1998இல் மீண்டும் ஏற்றுக் கொள்ளப்பட்டார். நம்பிக்கையை நியாயத்தாற் காப்பவர் பாராட்டப்படுவதும், அதே நியாயத்தைத் தம் நிறுவனத்தின் மீது திருப்புபவர் தண்டிக்கப்படுவதும் ஒரு மதத்துக்கு மாத்திரம் உரிய இயல்பன்று. விஞ்ஞானக் கோட்பாட்டின் பேரால் இயங்கிய கட்சிகளின் வரலாற்றிலும் இதற்கு உதாரணங்கள் உள. எனவே இங்கு நாம் கையாண்ட அளவுகோல் முற்போக்கு எழுத்துக்கும் பொருந்துவதாகும்.

தொகுத்து நோக்கின், யாழ்ப்பாணத்துக் கிறித்தவ சமயவாதம் தமிழுக்கு நியாயத்தின் மொழியை வளர்த்துக் கொடுத்தது. அம்மொழியைத் தன் வாழ்வின் மீது பிரயோகிக்கும் துணிவை அது பெரும்பாலும் பெறவில்லை. முன்னையதற்கு நாம் கடப்பாடுடையோம். பின்னையது நம் ஆய்வுக்கு உரியது. இவ்வுரைநடையை இனி ஆராய்வோர், ஒரு நூல் எத்தனை காரணங்களைக் கூறுகின்றது என்பதோடு, அக்காரணங்கள் எந்த வாசலில் நின்றுவிடுகின்றன என்பதையும் கேட்டல் வேண்டும். வாதத்தில் எவர் வென்றனர் என்பது ஏட்டிற் பதிவாகும். பந்தியில் எவர் எவரோடு இருந்தனர் என்பதே அவ்வாதத்தின் உண்மைப் பொருளை நமக்கு உணர்த்தும்.