தொட்டுப் பார்த்து இறங்குகிறவர்கள்

விமானம் மெத்தென்று இறங்கினால் விமானியைப் பாராட்டுகிறோம். அலாஸ்காவின் பனியாறுகளிலும் உறைந்த ஏரிகளிலும் சிறு விமானங்களை இறக்குகிறவர்களை இந்த அளவுகோலால் அளக்க முடியாது. முதல் தடவை பனியைத் தொட்டும் நிற்காமல் கிளம்பிப் போகிறவர்தான் அங்கே தேர்ந்த கை.

ஸ்கீ பொருத்திய செஸ்னாவோ பீவரோ தாழ்ந்து வந்து பனியை உரசும். எஞ்சின் முறுக்கு அப்படியே இருக்கும். எடையை இறக்கைகள்தான் சுமந்துகொண்டிருக்கும். நீளமாக ஒரு தடம் போட்டுவிட்டு விமானம் மேலே எழும்பிவிடும். தோசைக்கல்லில் நீர் தெளித்துப் பார்ப்பது போலத்தான். ஒரு வட்டமடித்து வந்து விமானி தன் தடத்தைத் தானே பார்க்கிறார். ஏரியில் அந்தத் தடம் கறுத்திருந்தால் பனிக்கடியில் நீர் ஊறிக் கிடக்கிறது. அங்கே நின்றால் ஸ்கீ உறைந்து ஒட்டிக்கொள்ளும். தடம் வெள்ளையாக இருந்தால் அடுத்த சுற்றில் அதே தடத்தின் மேல் இறங்கலாம். பனியும் அதற்குள் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.

கைத்திறமை மட்டும் போதாது என்பதற்கு அலாஸ்கா விமானி பாப் ரீவ் சாட்சி. பனி உருகிய கோடையிலும் ஸ்கீயோடு கிளம்ப வேண்டுமென்று, கடல் வற்றும் வேளையில் வால்டெஸ் ஊரின் சேற்றுவெளியில் வழுக்கிப் பறந்தவர் அவர். ஸ்கீக்கு அடியில் அடித்திருந்த எவர்சில்வர் தகடு பழைய மதுக்கடை ஒன்றிலிருந்து பெயர்த்ததாம்! 1937இல் மலையேறிகள் பிராட்போர்ட் வாஷ்பர்னையும் பாப் பேட்ஸையும் லுகானியா சிகரம் ஏற வால்ஷ் பனியாற்றில் இறக்கினார். இறக்கத்தில் குறையில்லை. ஆனால் வெயிலில் இளகிய பனிக்கூழில் விமானம் புதைந்தது. அதை மீட்டுப் பறக்கவே நாள்கள் பிடித்தன. மறுபடி அவர் அங்கே வரவில்லை. ஏறிய இருவரும் சிகரத்தைத் தொட்டுவிட்டு நடந்தே ஊர் சேர்ந்தார்கள்.

பனிக்கூழைவிடப் பெரிய எதிரி வெளிச்சம். மேகம் மூடிய நாளில் பனிக்கு நிழலே விழாது. தரை பத்தடியில் இருக்கிறதா, நூறடியிலா என்று கண் சொல்லாது. அதனால் சிலர் மரக்கிளைகளையோ கறுப்புப் பைகளையோ மேலிருந்து வீசி அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் எஞ்சினைத் தணிக்காமல், மூக்கைச் சற்றே தூக்கி, மிக மெதுவான ஒரே சீரான இறக்கத்தில் காத்திருக்க வேண்டும். தரை தானாக வந்து சேரும்வரை கையை அசைக்காத அந்தப் பொறுமைதான் இந்தக் கலையில் நான் மிகவும் ரசிப்பது.

மலைச்சரிவில் இறங்குவது இன்னொரு வித்தை. 1952இல் சுவிட்சர்லாந்தின் ஹெர்மன் கைகர், கான்டர் பனியாற்றில் சூப்பர் கப் விமானத்தை ஏற்றச்சரிவில் இறக்கினார். ஏற்றம் வேகத்தைத் தின்றுவிடும். கிளம்பும்போது இறக்கம் வேகம் கொடுக்கும். ஸ்கீக்கு பிரேக் கிடையாது. ஆகவே தொட்ட பிறகும் எஞ்சினை முறுக்கி மேலேறி, நிற்கும் முன் சரிவுக்குக் குறுக்கே திருப்பியாக வேண்டும். இல்லையென்றால் விமானம் பின்னோக்கி வழுக்கும். எதிரே மலை நிற்பதால், ஓர் எல்லைக்குப் பிறகு மனம் மாற வழியே இல்லை.

கைகரின் நேர்த்தி பெரிதுதான். ஆனால் எனக்கு அலாஸ்காவில் டால்கீட்னா ஊரின் விமானி டான் ஷெல்டன் ஒரு படி மேல். 1960இல் டெனாலி மலையில் 14,000 அடிக்கு மேலே சூப்பர் கப்பை இறக்கி, உயரநோயில் தவித்த ஒரு மலையேறியைக் கீழே கொண்டுவந்தார். அந்த உயரத்துக் காற்றில் எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். இறங்குவதைவிடக் கிளம்புவது கடினம்.

ஷெல்டன் 1975இல் மறைந்தார். டெனாலி ஏறுகிறவர்களை டால்கீட்னா விமானங்கள் இன்றும் சுமார் 7,200 அடி உயரத்தில், கஹில்ட்னா பனியாற்றில் இறக்கிவிடுகின்றன. புதுப்பனி விழுந்தால் முகாமில் இருக்கிற மலையேறிகளே அதை மிதித்து இறுக்கி ஓடுபாதை போட்டுக் கொடுக்கிறார்கள்.