பொசுங்கல் என்னும் சிறுசொல்

நெருப்பைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. தீ, எரி, அழல், கனல், தழல் எனப் பெயர்கள் பல. எனினும் ஒரு மொழியின் நுட்பத்தைப் பெருந்தீயில் மட்டுமன்றிச் சிறுசூட்டிலும் காணவேண்டும். ஒரு பொருள் முற்றும் எரியாமல், மேலாகத் தீப்பட்டு நிற்கும் நிலையை உணர்த்தும் ‘பொசுங்குதல்’ என்ற சொல் அவ்வகையில் நம் கருத்திற்கு உரியது.

இதன் அண்டைச் சொற்கள் கருகுதல், தீய்தல், அடிப்பிடித்தல் முதலியன. இவை ஒன்றுக்கொன்று மாற்றாகா. கடுகு கருகும்; கருமையை அடியாகக் கொண்ட அச்சொல் கண்ணுக்கு உரியது. தோசை தீயும், நாவில் படும் கைப்பே அதற்குச் சான்று. பாலும் சோறும் அடிப்பிடிக்கும். மயிரும் கம்பளியும் பொசுங்கும். கண் காணுமுன் மூக்கு அதனை அறிந்துவிடும். அடங்கு, அடக்கு என்பனபோலப் பொசுங்கு, பொசுக்கு எனத் தன்வினையும் பிறவினையும் இதற்கு உண்டு.

பழம்புலவர் இவ்வளவறிந்து சொல்லாண்டனர். மதுரை எரியுண்ட செய்தியைக் கூறும் பகுதி சிலப்பதிகாரத்தில் ‘அழற்படு காதை’ எனப்படும். நகரழிவுக்கு அழல் என்பதே தகும். குறுந்தொகை 167ஆம் பாட்டிலோ கூடலூர் கிழார் புதுமனைவியின் அடுக்களையைக் காட்டுகிறார். அவள் கண்ணில் நிறைவது தாளிப்பின் புகை. அதற்கு அவர் ஆண்ட சொல் ‘குய்’. பெருந்தீக்கு ஒரு சொல், அடுப்புக்கு ஒரு சொல்.

இக்காலக் கதைகளிலும் மேடைகளிலும் ஊரையே சாம்பலாக்கியதற்கும் ‘எரித்துப் பொசுக்கினான்’ என்கின்றனர். இவ்வழக்கு வேரூன்றிவிட்டது, மறுப்பதற்கில்லை. ஆயினும் சிறிதளவைச் சுட்டும் சொல்லைப் பேரழிவுக்குச் செலவிட்டபின், சிறிதளவைச் சொல்ல எச்சொல்லை நாடுவோம்?

வடபுலத்தில் வாழும் நம் இல்லங்களில் இழப்பு வேறு வகையினது. ‘தோசை எரிந்துவிட்டது’ என்கிறார்கள் நம் பிள்ளைகள். இந்தியின் ‘ஜல்னா’ என்ற வினை அவர்களை அவ்வாறு பேசவைக்கிறது. ஆனால் அம்மொழியிலும் மேலாகத் தீய்வதற்கு ‘ஜுலஸ்னா’ எனத் தனிச்சொல் உண்டு. ஆதலின் பழியை அதன்மேல் சுமத்துதல் முறையன்று. தமிழில் விறகு எரியும், விளக்கு எரியும், பசித்த வயிறும் எரியும். தோசை தீயுமேயன்றி எரியாது. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகள் நம்மிடமன்றி வேறெங்குக் கேட்பர்?

சொல்லை அகராதி காக்கும். அதன் அளவை வீட்டுப் பேச்சே காக்கவேண்டும். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் கம்பளியிலிருந்து நாற்றம் எழும்போது, ‘பொசுங்குகிறது, எடு’ என்று நாம் தமிழிலேயே சொல்வோமாக.