நளன் கற்ற வித்தை

சூதைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் திருவள்ளுவரிடம் தொடங்குவதே வழக்கம். நானும் அவ்வழக்கத்தை மீறப் போவதில்லை. குறளில் சூது 94-ஆம் அதிகாரம். அதற்கு முன்னே நிற்பது கள்ளுண்ணாமை. பின்னே வருவது மருந்து. நம் தோட்டங்களுக்குப் பேசவரும் அன்பர்கள் இவ்வரிசையைச் சுட்டிக் காட்டிக் கைதட்டல் வாங்குவதுண்டு. ஆனால் அவ்வதிகாரத்தின் முதற் குறளிலே அவர்கள் நின்று நிதானிப்பதைக் காணோம். தோற்பாய், ஆதலால் ஆடாதே என்றல்லவா சாதாரணமாக எவரும் புத்தி கூறுவர்? வள்ளுவரோ, வென்றாலும் அது வேண்டாம் என்று தொடங்குகின்றார். வென்ற பொருளை மீன் விழுங்கும் தூண்டிலுக்கு ஒப்பிடுகின்றார். தோல்வியைக் காட்டிலும் வெற்றியை அவர் ஏன் அஞ்ச வேண்டும்? இதற்கு விடை நளன் சரித்திரத்தில் இருக்கின்றதென்பது என் கருத்து. அவ்விடையை நான் கண்டுகொண்டதற்குக் காரணம் புலமையன்று. ஒரு சீட்டறையில் போக்கர் ஆடக் கற்றுக்கொண்டதே காரணம்.

நான் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. ஆங்கில வழியில் படித்தவன். ஆகவே நம் காவியங்களைத் தமிழிற் பயில்வதற்கு முன்பே சீட்டாட்டப் புத்தகங்களை ஆங்கிலத்திற் படிக்கும் யோக்கியதை எனக்கு வாய்த்துவிட்டது.

ஜொகூருக்கும் சூதுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. சிங்கப்பூரில் சூதாட்டக் குத்தகை 1829-இல் ஒழிக்கப்பட்டது. ஜொகூரிலோ மிளகும் காம்பியரும் பயிரிட்ட சீனக் குடியிருப்புகளின் தலைவர்களாகிய கங்சூக்களுக்கு, அபின், சாராயம், அடகுக்கடை ஆகியவற்றோடு சூதாட்ட உரிமையும் அளிக்கப்பட்டிருந்தது. கங்சூ முறை 1917-இலேதான் முடிவுற்றது. அந்நாளிற் சிங்கப்பூர்வாசிகள் சூதாட நீரிணையைக் கடந்து இங்கே வந்தனர். 2010-இல் அங்கே இரண்டு சூதாட்ட மாளிகைகள் திறக்கப்பட்ட பின் நாம் பாலத்தைக் கடந்து அங்கே செல்கின்றோம். அந்நாட்டுப் பிரஜை உள்ளே நுழைவதற்கு 2019 முதல் நாளொன்றுக்கு 150 சிங்கப்பூர் வெள்ளி கட்ட வேண்டும். அயல்நாட்டாருக்கு அக்கட்டணம் கிடையாது. தன் வீட்டுப் பிள்ளை வாசலில் நின்று யோசிக்கட்டும், அடுத்த வீட்டுப் பிள்ளை யோசியாமல் உள்ளே வரட்டும் என்னும் இவ்வேற்பாட்டைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ உண்டு. இலக்கியப் பகுதியில் அதற்கு இடமில்லை.

போக்கரை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவான ஆட்டம் இது. இன்று பெரும்பாலும் ஆடப்படும் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துத் தரப்படும். மேசை நடுவே முதலில் மூன்றும், பின்பு ஒன்றும், அதன் பின்பு மற்றொன்றுமாக ஐந்து சீட்டுகள் யாவர்க்கும் பொதுவாகத் திறக்கப்படும். ஏழிற் சிறந்த ஐந்தைச் சேர்த்துக் கொள்ளலாம். இடையிடையே நான்கு முறை பந்தயம். கையிலிருப்பது குப்பையே யாயினும், அஞ்சாமற் பெரும்பணம் வைத்து மற்றவர்கள் சீட்டைப் போட்டுவிடும்படி செய்பவன் குவியலை அள்ளிக் கொள்வான். மற்றச் சூதுகளில் நாம் மாளிகையோடு மோதுகின்றோம். இதில் ஆடுவோர் ஒருவரோடொருவர் மோதுகின்றனர், மாளிகை ஒவ்வொரு குவியலிலும் சிறு பங்கு எடுத்துக்கொள்கின்றது. இது நாகரிக உலகின் புது ஏற்பாடு என்று எண்ணிவிட வேண்டாம். வென்ற பொருளில் நூற்றுக்கு ஐந்து எடுத்துக்கொள்ளுமாறு சூதாட்ட அதிகாரிக்கு அர்த்தசாஸ்திரம் விதித்திருக்கின்றது.

இவ்வாட்டத்தின் கவர்ச்சி யாதெனில், இதைக் கற்கலாம் என்பதே. இரண்டு ஆசுகள் கைக்கு வருவது 221 தடவைக்கு ஒரு தடவை. ஏதேனும் ஓர் இரட்டை வருவது 17-க்கு ஒன்று. ஓரினச் சீட்டு நான்கு சேர்ந்து, ஐந்தாவதற்காகக் கடைசிச் சீட்டை எதிர்நோக்கி இருப்பவனுக்குக் கண்ணுக்குத் தெரியாத 46 சீட்டுகளில் 9 சீட்டுகளே உதவும். குவியலில் உள்ள பணம் அவன் இனி வைக்க வேண்டிய பணத்தைப் போல் நான்கு மடங்குக்கு மேல் இல்லையானால், அவன் சீட்டைக் கீழே வைப்பதே அறிவு. வான் நாய்மன் என்னும் கணித மேதை 1928-இல் ஆட்டங்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். 1944-இல் மோர்கென்ஸ்டெர்னுடன் சேர்ந்து வெளியிட்ட பெருநூலில் போக்கரில் பொய்ப் பந்தயம் வைப்பதற்கும் கணக்கு உண்டென்று காட்டினார். நாள்தோறும் செக்ரோல் எழுதும் எனக்கு இது எவ்வளவு தித்திப்பாயிருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்க. எங்கள் லயத்தில் ஒரு பாட்டி இருக்கின்றாள். கனவிலே பாம்பைக் கண்டால் மறுநாள் நாலு நம்பருக்கு இரண்டு வெள்ளி வைப்பாள். பதினாயிரம் எண்களில் ஒன்று விழுவதற்குக் கனவா சாட்சி என்று அவளைப் பரிகசித்தவர்களில் நானும் ஒருவன்.

முதன்முறை சீட்டறைக்குச் சென்றபோது எனக்கு ஆட்டம் தெரியாது. கொண்டுபோன இருநூறு வெள்ளியும் ஒரு மணி நேரத்திற்குள் போயிற்று. உடன் வந்த நண்பர், “உம் மனைவி கட்டிய சீட்டுப் பணம் வங்கியில் இருக்கிறதே, எடுத்து ஆடும்” என்றார். தோட்டத்துப் பெண்கள் பத்துப் பேர் கூடி மாதந்தோறும் கட்டிய சீட்டு அது. அம்மாதம் அவளுக்கு விழுந்திருந்தது. அதைத் தொடமாட்டேன் என்று சொல்லி, கடைசிப் பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். அதன் பின் மூன்று மாதம் படித்தேன். இரவில் வாங்கின்மேல் சீட்டைப் பரப்பிக்கொண்டு கணக்குப் போட்டேன். இரண்டாம் முறை செல்கையில் எவரும் சொல்லாமலே அந்தச் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு சென்றேன். அவளைக் கேட்கவில்லை. அன்று முந்நூற்றுச் சொச்சம் வென்றேன். எடுத்ததை எடுத்தபடியே வங்கியில் போட்டுவிட்டேன். என் மனத்தில் அன்று யாதொரு உறுத்தலும் இல்லை.

சில மாதங்கள் கழித்து நளோபாக்கியானத்தை, கிசாரி மோகன் கங்குலி 1883 முதல் 1896 வரை வெளியிட்ட ஆங்கில மகாபாரதத்தில் படிக்க நேர்ந்தது. தமிழர்களாகிய நாம் நளனைப் புகழேந்தியின் வெண்பாவிலே அறிந்தவர்கள். அந்நூலின் மூன்று காண்டங்களில் இரண்டு கலியின் பெயரையே தாங்கி நிற்கின்றன. கால் கழுவியதில் நேர்ந்த ஒரு சிறு குறையைக் காரணமாகக் கொண்டு கலி அவனுட் புகுந்தான், அதனால் அவன் ஆடினான், அதனால் தோற்றான். பிற்காலத்தார் கலியைச் சனியாக்கித் திருநள்ளாற்றில் தீர்த்தமாடி வரலாயினர். பாடியவர்களும் பிரசங்கிகளும் இவ்வாறு குற்றத்தையெல்லாம் கலியின்மேல் ஏற்றிவிட்டதால், கதையின் பிற்பகுதியை நாம் கவனியாது விட்டோம் என்பதே என் குறை. கலி நீங்கிய பின் நளன் செய்தது என்ன?

வியாசரின் கதைப்படி முதல் ஆட்டத்தில் நளன் நாட்டையும் செல்வத்தையும் தோற்கின்றான். புட்கரன் நகைத்து, “இனித் தமயந்தி ஒருத்தியே மிச்சம், விரும்பினால் அவளைப் பந்தயமாக வை” என்கின்றான். நளன் நெஞ்சு வெடிக்கும் நிலையில் நிற்கின்றான், வாய் திறக்கவில்லை, அணிகளைக் களைந்து வைத்துவிட்டு ஒற்றை ஆடையோடு வெளியேறுகின்றான். கலி உள்ளே இருக்கும்போதே அவன் செய்தது இது.

அப்பால் அவன் வாகுகன் என்னும் தேர்ப்பாகனாய் இருதுபன்னனிடம் இருக்கின்றான். வழியிலே ஒரு தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் நின்ற இடத்திலிருந்தே எண்ணிச் சொல்கின்றான் அவ்வரசன். நளன் நம்பவில்லை; மரத்தை வெட்டி எண்ணிப் பார்க்கின்றான்; கணக்குச் சரியாயிருக்கின்றது. குதிரை நூலைக் கொடுத்து எண்ணும் நூலையும் காய் உருட்டும் நூலையும் பண்டமாற்றாகப் பெறுகின்றான். வித்தை உள்ளே புகுந்த மாத்திரத்தில் கலி வெளியேறுகின்றான். இக்கட்டம் நம்மைப்போன்ற கணக்குப் பிள்ளைகளுக்கு எவ்வளவு உவப்பானது! அறிவு வந்தது, பேய் ஓடிற்று. சீர்திருத்தம் பேசுவோர் அனைவரும் இதை மேற்கோளாகக் காட்டலாம்; நானும் முன்பு காட்டியிருக்கின்றேன்.

ஆனால் அடுத்தபடி நடப்பது இது. நளன் புட்கரனிடம் மீண்டும் சென்று, ஆடுவோம் அல்லது தேரேறிப் போர் செய்வோம் என்று அழைக்கின்றான். ஆட்டத்திற்கு அவன் வைக்கும் பந்தயம் தான் தேடிய பொருளும் தமயந்தியும்! முன்பு மாற்றான் கேட்டும் வைக்க மறுத்தவளை, இப்போது எவரும் கேளாமலே வைக்கின்றான். தமயந்தி அப்போது அங்கே இல்லை. விதர்ப்பத்தில் தந்தை வீட்டில் இருக்கின்றாள். ஒரே வீச்சில் நளன் வெல்கின்றான். வென்றதனால் நாம் இதைக் கேட்பதில்லை. தருமன் திரௌபதியை வைத்துத் தோற்றதைப் பற்றி ஆயிரம் ஆண்டுகளாக வழக்காடும் நாம், நளன் தமயந்தியை வைத்து வென்றதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதுண்டா?

இந்தப் பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே சென்று நின்றேன். வள்ளுவர் வெற்றியை ஏன் அஞ்சினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அறியாதவனுக்கு அச்சம் என்னும் ஒரு காவல் உண்டு. கற்றவனுக்கு அது கழன்றுவிடுகின்றது. லயத்துப் பாட்டி இத்தனை வருஷத்தில் இரண்டு வெள்ளிக்கு மேல் வைத்ததில்லை.

என் கருத்துக்கு எதிராக ஒன்றைச் சொல்லலாம். அதை மறைப்பது விமரிசன தர்மம் ஆகாது. இக்கதையைத் தருமனுக்குச் சொல்லும் பிருகதசுவ முனிவர் இறுதியில் அவ்வித்தையை அவனுக்கும் கற்பிக்கின்றார். தருமன் கங்கன் என்னும் பெயரோடு விராடன் சபையில் ஆட்டத் துணைவனாய் அமர்ந்து, வென்ற பொருளை இரகசியமாகத் தம்பியர்க்குப் பகிர்ந்தளித்தும் வருகின்றான். எவர் கண்ணீரும் சிந்தாத சூது அன்றோ இது என்று கேட்கலாம். ஆம், ஆனால் அங்கே அவன் திரௌபதியை வைக்கவில்லை. வைப்பதற்கு அவள் அவன் மனைவி என்றே எவர்க்கும் தெரியாது. அது போகட்டும், அந்த ஆட்டத்திலும் விராடன் சினந்து எறிந்த காய் முகத்திற் பட்டு அவனுக்கு இரத்தம் வடிந்தது.

மேல்நாட்டு இலக்கியத்தில் தாஸ்தயேவ்ஸ்கியின் ‘சூதாடி’ இத்துறையிற் பெயர் பெற்றது. 1866-இல் அதை 26 நாட்களில் அன்னா என்னும் சுருக்கெழுத்துப் பெண்மணிக்கு வாய்மொழியாய்ச் சொல்லி முடித்தார். மறு வருஷம் அவளையே மணந்தார். அவர் ஆடியது சக்கரம் சுழற்றும் ரூலெட். அதிற் கற்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் நிதானத்தைக் கைவிடாதவன் தோற்கமாட்டான் என்று அவர் நம்பினார். அதுவே அவர் கற்ற வித்தை. அந்த வித்தைக்காக மண மோதிரங்களும் அன்னாவின் நகைகளும் அடகுக்குச் சென்றன. 1871-இல்தான் அவர் ஆட்டத்தை விட்டார். சூதாடியின் நெஞ்சை அந்நாவல் காட்டுவதுபோல் நம்மவர் நூல் எதுவும் காட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றேன். ஆனால் பந்தயமாக வைக்கப்பட்டவளை அதிலே தேடுகின்றவர்கள் அவளைக் காணமாட்டார்கள். அன்னா எழுதிய நாட்குறிப்பிலேதான் காண்பார்கள்.

தாய்நாட்டிலும் இவ்வழக்கு நடந்தது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களெனப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அவை திறமை ஆட்டங்கள் என்று கூறி அப்பகுதியை நீக்கியது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, இணையத்தில் பணம் வைத்து ஆடுவது திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும் கூடாதென்றது. திறமையா அன்றா என்னும் வாதத்தில் நீதிமன்றத்தின் பக்கமே நியாயம் என்று, கணக்கைப் போட்டுப் பார்த்தவன் ஆகையால், நான் சொல்வேன். நளனும் திறமைசாலியே. வியாசர் நமக்கு விட்டுச்சென்ற கேள்வி வேறு: மேசைமேல் இருப்பது யாருடைய பொருள்?

இக்கட்டுரையை அனுப்புவதற்கு முன் என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். சீட்டுப் பணத்தின் செய்தி அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஜெயிச்ச பிறகாவது நளன் தமயந்திகிட்ட சொன்னானா?” என்று கேட்டாள். நளன் படையனுப்பித் தமயந்தியை அழைத்துவந்ததும், நகரத்தார் மகிழ்ந்ததும் நூலில் இருக்கின்றன. அவள் கேட்டதற்கு விடை தேடி அந்தப் பகுதியை மறுபடியும் படித்தேன். காணவில்லை.