நால்வரின் விசுவாசம்

துன்பத்தை விசுவாசத்தால் வென்றவர்களின் சாட்சி நூல்களுள் 1976இல் வெளிவந்த ‘ஜோனி’ பெரும்புகழ் பெற்றது. அமெரிக்கப் பெண்ணான ஜோனி எரெக்சன், 1967இல், தமது 17ஆம் வயதில், செசபீக் விரிகுடாவின் ஆழமற்ற நீரில் பாய்ந்து கழுத்து முறிந்தார். கைகால் நான்கும் செயலிழந்தன. சாக விரும்பியதையும், தூரிகையை வாயில் கவ்வி ஓவியம் தீட்டியதையும் அவர் ஒளிவின்றி எழுதுகிறார். அந்த நேர்மையே நூலின் உயிர்.

எனினும், பதுளைப் பகுதியின் தோட்ட லயத்தை மனத்திற்கொண்டு படிக்கையில் நமக்கு வேறொரு கேள்வி எழுகிறது. அசையாத உடலைச் சில மணிக்கொரு முறை புரட்டாவிடில் படுக்கைப்புண் உயிரையே குடிக்கும். புரட்டுவது யார்? ஜோனிக்குச் சகோதரிகளும் சிகிச்சை நிலையங்களும் இருந்தன. ஒற்றைக் காம்பராவில் மகனைப் பேணும் கொழுந்து பறிக்கும் தாய்க்கோ, மலைக்குப் போகாத நாள் கூலியில்லாத நாள். லயத்துப் படிகளில் சக்கர நாற்காலியும் உருளாது.

இத்தகைய நூலைப் பொறுமைக்கு மட்டும் பாடமாக்கும் பிரசங்கம் இவ்வுழைப்பை மறைத்துவிடுகிறது. மாற்கு சுவிசேஷத்தின் 2ஆம் அதிகாரமோ மறைக்கவில்லை. திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்தனர். கூட்டம் வழிமறிக்கவே, கூரையைப் பிரித்து இறக்கினர். இயேசு கண்டது அவர்களுடைய விசுவாசத்தை!

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்கும் சட்டம் இலங்கையில் 1996இலேயே இயற்றப்பட்டது. அது லயத்துப் படியேறி வரவேண்டும். சுமப்பவளின் கூலியையும் சாய்வுப் பாதையையும் கேட்காத பக்தி, கூரையைப் பிரிக்காமல் வாசலில் நின்று பாடும் பக்தியே. சுமப்பவர்களின் சாட்சியையும் மலையக இலக்கியம் எழுதட்டும்.