பெறுநரா, கொள்வோரா? – தொடர்பியல் கலைச்சொல் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

கேரளத்தில் வாழும் நம் குடும்பங்களில் இப்போது ஊடகவியல் படிக்கும் பிள்ளைகள் உண்டு. பாடம் ஆங்கிலத்தில், விளக்கம் மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில். ஒரே கருத்துக்கு மூன்று சொல். சுள்ளிக்கல்லில் கடை நடத்தும் எனக்கு இந்தச் சொற்களை உரசிப் பார்ப்பதில் ஒரு ருசி.

'கம்யூனிகேஷன்' என்பதை நாம் 'தொடர்பு' என்றோம். மலையாளத்தார் 'ஆசயவினிமயம்' என்கிறார்கள்; கருத்துப் பரிமாற்றம் என்று பொருள். தொடர்புக்கு இரண்டு முனையும் இணைந்திருந்தால் போதும். பரிமாற்றத்துக்குக் கொடுக்கல் வாங்கல் வேண்டும். இந்த இடத்தில் மலையாளச் சொல் ஒருபடி மேல் என்று சொல்வதில் நமக்கொன்றும் குறைவில்லை.

என் வழக்கு 'பெறுநர்' என்ற சொல்லோடுதான். இது 'ரிசீவர்' என்பதன் தமிழாக்கம். 1948-ல் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் கிளாட் ஷானன், கம்பி வழியே செய்தி சிதையாமல் போய்ச்சேரும் வகையைக் கணக்கிட்டார். அவர் வரைந்த படத்தில் 'ரிசீவர்' ஒரு கருவி. அதற்கு அப்பால்தான் ஆளுக்கு இடம். 1960-ல் டேவிட் பெர்லோ மனிதர் பேச்சுக்குப் படம் போட்டபோது அந்தக் கருவியின் பெயர் ஆளுக்கு வந்து சேர்ந்தது. மனுவில் அனுப்புநர், பெறுநர் என்று எழுதிப் பழகிய நாமும் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

அதே 1948-ல் ஹரால்டு லாஸ்வெல் ஐந்து கேள்விகள் வகுத்தார்: யார், என்ன, எந்த வழியில், யாரிடம், என்ன விளைவோடு சொல்கிறார்? ஊடகப் படிப்பில் இது பாலபாடம். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் பொதுப்பாயிரமும் ஐந்தையே வகுக்கிறது: நூல், அதைச் சொல்லுகிறவன், சொல்லும் முறை, கொள்வோன், அவன் கொள்ளும் முறை. நான்கு ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. ஐந்தாவதில்தான் வேறுபாடு. லாஸ்வெல் சொல்லும் 'விளைவு' பேசியவன் கேட்டவனிடம் உண்டாக்குவது. நன்னூல் சொல்லும் 'கோடல்' கேட்டவன் தானே செய்வது: கேட்டதை நினைத்துப் பார்த்தல், தக்கவரோடு பழகித் தெளிதல், ஐயம் கேட்டல்.

எல்லாவற்றையும் அன்றே சொல்லிவிட்டோம் என்று மார்தட்ட இதை எழுதவில்லை. பவணந்தியார் பேசுவது ஆசிரியர், மாணாக்கர் முறை. லட்சம் பேர் பார்க்கும் தொலைக்காட்சி அவர் எண்ணத்தில் இல்லை. ஆசானை எதிர்த்து மறுக்கவும் அவர் பெரிதாக இடம் வைக்கவில்லை. பார்ப்பவர் ஏற்கலாம், பாதி ஏற்கலாம், எதிராகவும் பொருள் கொள்ளலாம் என்பதை 1973-ல் ஸ்டூவர்ட் ஹால் தெளிவாக வகுத்தார். தலைவன் தூது விட்ட பாணனைத் தலைவி ஏற்க மறுக்கும் அகத்துறையான 'வாயில் மறுத்த'லை இதனோடு வைத்துப் பிள்ளைகள் ஆராயலாம்.

ஆனாலும் 'கொள்வோர்' என்ற சொல்லை நாம் விடக்கூடாது. பெறுவது தானாக வந்து விழும். கொள்வது பார்த்து எடுப்பது. 'கொள்முதல்' என்ற கடைச்சொல்லே இதற்குச் சாட்சி. மிளகு மூட்டை வந்தால் ஒரு பிடி அள்ளிப் பார்க்காமல் எந்த வியாபாரியும் எடைபோட விடமாட்டான். அதே வியாபாரி வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்தும் பார்க்காமல் நாற்பது பேருக்குத் தள்ளிவிடுகிறான்!

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. 2018-ல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தி கைபேசி வழியே பரவி, தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் அந்த ஊருக்கு அந்நியர்கள். அயல் மாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு இதன் அச்சம் தெரியாதா? அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. அது கருவிக்கு வைத்த பூட்டு. மனசுக்கு யார் பூட்டு வைப்பது?

கடைநிலை மாணாக்கனுக்கு நன்னூல் தரும் உவமைகளில் ஒன்று நெய்யரி, நாம் பன்னாடை என்போமே, அதுதான். நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்லதை விட்டு வதந்தியைப் பிடித்துக்கொள்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எந்த ஊடகவியல் நூலிலும் நான் கண்டதில்லை. கலைச்சொல் ஆக்குவோர் 'கொள்வோர்' என்ற சொல்லைப் பரிசீலிக்க வேண்டும். பெற்றோரும் பிள்ளைகளுக்கு அதன் பொருளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.